குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்

“ஏ.சி.யை ஆஃப் பண்ணுங்க சார்.”

மனித குலம் பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இன்றுவரை எத்தனையோ அபாயகரமான வாக்கியங்கள் பேசப்பட்டிருக்கின்றன. ராஜ்யங்கள் கவிழ்ந்திருக்கின்றன, கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இதற்கு உறை போடக் காணாது. எங்கள் அலுவலகத்தின் கூட்ட அறையில் நான் இதைச் சொன்னபோது அங்கிருந்தவர்களின் முகங்களைப் பார்த்திருந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்கவும் வழியில்லை. வேலையில் சேர்ந்த அன்றே எனக்கு எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. மனிதவள மேடம் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பெனிப் பெயர் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றை மடியில் வைத்து, “இங்க நாம எல்லாரும் ஒரே குடும்பம்மா. எதையும் மனசு விட்டுக் கேக்கலாம். ஏ.சி.யை மட்டும் ஆஃப் பண்ணச் சொல்லக் கூடாது” என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவும் அதையே சொன்னாள். அவளுக்கு வேறு காரணம்.

“குளிருதுன்னு வாயைத் தொறந்துடாதடி. பழக்கமில்லாத வீட்டுப் பொண்ணுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.”

நான் கண்டுபிடிக்கப்படவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற முறையில் நான் மிகுந்த சாமர்த்தியசாலி. பல் கிட்டித்துப் போனாலும் சிரித்த முகமாகவே இருந்தேன். அதுமட்டுமல்ல, மாலையில் நெரிசலான பஸ்ஸில், கொதிக்கிற வெயிலில், அந்த ஸ்வெட்டரைக் கழற்றாமலே வீடு திரும்பினேன். நான் ஏ.சி.யில் வேலை பார்க்கிறவள் என்பது பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒரு அம்மாள் பரிதாபப்பட்டு, “காய்ச்சலாம்மா?” என்று எழுந்து இடம்கூடக் கொடுத்தார். என் படிப்பால் எனக்குக் கிடைத்த முதல் இருக்கை அது.

எங்கள் நிறுவனம் ஏழைகளுக்காகவே பிறந்தது. வரவேற்பறைச் சுவரில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்க மறந்துபோகிற உழைப்பாளி மக்களுக்காக, கையில் ஒட்டிக்கொண்டால் ஒரு வாரத்துக்குத் தோல் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உள்ளே அனுப்பும் ஒரு பிளாஸ்திரியை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். ‘பிளாஸ்திரி’ என்று சொல்லக் கூடாது. ‘தோல்வழி மருந்துச் சாதனம்’ என்று சொல்ல வேண்டும். பிளாஸ்திரி என்று சொன்னால் யாரும் முதலீடு செய்ய மாட்டார்களாம்.

இந்த லட்சியத்தின் தலைவருக்கு ‘தொலைநோக்கு’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். எப்போதும் கோட் அணிந்திருப்பார். பேசும்போது நம் தலைக்கு மேலே தூரத்தில் எதையோ பார்ப்பார். பக்கத்தில் நிற்பது யார் என்பது அவருக்கு அநேகமாகத் தெரியாது. என்னை மட்டும் தெரியும். ஏனென்றால் ஏழைகளைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்.

“நீங்க அந்தப் பக்கத்துல இருந்து வந்தவங்க. சொல்லுங்க, அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?”

அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோடானுகோடி மக்களின் சார்பில் சற்று யோசித்து, “பச்சை சார்” என்றேன். எங்கள் பிளாஸ்திரி பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம். எனக்குப் பச்சை பிடிக்கும்.

விஞ்ஞானத்துக்கு நான் செய்த தொண்டு நிறத்தோடு நிற்கவில்லை. சேர்ந்த புதிதில், பஸ்ஸிலிருந்து இறங்கி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்த என் கையில் ஒரு சோதனைப் பிளாஸ்திரியை ஒட்டினார்கள். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அது கீழே விழுந்துவிட்டது. பிளாஸ்திரிக்குப் பசை தயாரித்ததால் நாங்கள் ‘பசை அண்ணன்’ என்று அழைத்தவர் என் கையைப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன். தப்பு கையில்தான் என்று இருவருக்கும் தோன்றியது. நன்றாகப் படித்த ஒரு சாதனத்தை என் படிக்காத தோல் அவமானப்படுத்திவிட்டதாகக் கூனிக்குறுகிப் போனேன்.

அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் என் மாபெரும் யோசனை. சோதனைக்கு வருகிறவர்களை முதலில் ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, தோல் ஆறிய பிறகு ஒட்டினால் என்ன? ஒட்டிய பிறகும் அங்கேயே வைத்திருந்தால் என்ன?

“இதுதாம்மா விஞ்ஞானம்!” என்று தொலைநோக்கு மேஜையைத் தட்டினார். அந்த முறைக்குத் ‘தோல் நிதானப்படுத்தல்’ என்று பெயர் வைத்தோம். அதன் பிறகு ஒரு பிளாஸ்திரிகூட விழவில்லை. மனிதவள மேடத்தின் கிரீம் தடவிய கையில் அது பத்து நாள்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. ‘எல்லாத் தோலுக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் அச்சடித்தார்கள். அந்த வாக்கியமும் என்னுடையதுதான். மூன்று சொல்லில் ஒரு தேசத்தையே அடக்கிவிட்டேன் என்று பாராட்டி எனக்கு ஒரு தேநீர்க் கோப்பை பரிசளித்தார்கள்.

இவ்வளவு சிறப்பான சாதனத்தை ஊழியர்களின் குடும்பத்தாரும் அனுபவிக்கட்டும் என்று ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

என் அம்மா ஒரு லாண்டரியில் வேலை செய்கிறாள். ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளை, சுடச்சுட உருளும் நீராவி இயந்திரத்தில் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்குவது அவள் வேலை. அந்த அறையில் நின்றால் சுவருக்கே வியர்க்கும். அவளுக்குப் பிரஷர் உண்டு, மாத்திரையும் உண்டு. நான் பச்சைப் பிளாஸ்திரியை எடுத்து அவள் மேற்கையின் பின்பக்கம் ஒட்டி, “இனிமே மாத்திரையை நிறுத்திடு. ரெண்டும் சேர்ந்தா ஓவராயிடும்” என்று சொன்னேன்.

“நிஜமாவாடி?”

“அம்மா, நான் இதுக்குத்தான் படிச்சிருக்கேன்.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எந்தத் தாயும் எதிர்த்துப் பேசமாட்டாள். அவளும் பேசவில்லை.

மறுநாள் மத்தியானமே பிளாஸ்திரி அவளை விட்டுவிட்டு ஒரு தலையணை உறையைப் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் ஒட்டியிருந்ததால் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. தலையணை உறை இஸ்திரியாகி, மடிக்கப்பட்டு, ஓட்டலுக்குப் போய், ஒரு விருந்தாளியின் கன்னத்தில் ஒட்டி, அடுத்த வாரம் புகாராகத் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் ஊர்த் தலையணைகளில் ஒன்றுக்கு மட்டும் ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு இல்லை. மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்ற நிம்மதியில், மாத்திரையும் இல்லாமல், பிளாஸ்திரியும் இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், வாரக் கடைசியில் இயந்திரத்தின் முன்னாலேயே தலைசுற்றி விழுந்தாள். பக்கத்தில் நின்ற கூட்டாளி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் விரிப்போடு சேர்ந்து உள்ளே போயிருப்பாள். இடது முன்கையோடு போயிற்று. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்துவிட்டது.

மருந்து போட்டுக் கட்டியிருந்த கையைத் தலையணையில் வைத்தபடி அம்மா என்னிடம் முதலில் சொன்னது: “இதை உன் ஆபீஸ்ல சொல்லிடாதடி.”

நான் சொன்னேன். முதலில் பசை அண்ணனிடம்.

“வேர்வையில நிக்காதும்மா. எனக்குத் தெரியும்” என்றார் அவர், மிகச் சாதாரணமாக. “நல்ல பசை இருக்கு. அதைப் போட்டா விலை ஏறிடும். அப்புறம் ஏழைங்க எப்படி வாங்குவாங்க?”

“இப்ப வாங்கி என்னண்ணா பண்ணுவாங்க?”

“அது மார்க்கெட்டிங் கேள்வி. நான் பசை மட்டும்தான்.”

தொலைநோக்கு என் பேச்சை முழுவதும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டார். அம்மாவுக்காக மிகவும் வருந்தினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பார்த்தபடி, “இது சாதனத்தோட குறை இல்ல. பயனர் வியர்த்துட்டாங்க” என்றார்.

“லாண்டரில வியர்க்காம எப்படி சார்?”

“அதுக்குத்தான் மக்களுக்கு விழிப்புணர்வு வேணும்கிறேன்.”

விழிப்புணர்வு அன்றே தொடங்கியது. பெட்டிக்குள் வைக்கும் துண்டுச்சீட்டில், ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று ஏற்கனவே ஒரு வரி இருந்தது. அது பிளாஸ்திரியைப் பற்றியது. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்கள்: ‘ஒட்டிய பின் நோயாளியையும் அவ்வாறே வைக்கவும்.’

அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். பார்த்தேன். பிழையே இல்லை.

இதற்கிடையில் பெரிய டாக்டரம்மா வரப்போவதாகச் செய்தி வந்தது. ஏழை எளியவர்களுக்காகத் தெருவுக்குத் தெரு இலவச க்ளினிக் நடத்தும் அறக்கட்டளையின் தலைமை மருத்துவர் அவர். அவர் தலையசைத்தால் அடுத்த மாதத்திலிருந்து அந்தக் க்ளினிக்குகளில் பிரஷர் மாத்திரை கிடையாது. எல்லோருக்கும் பச்சைப் பிளாஸ்திரி. அம்மாவின் லாண்டரிப் பெண்கள், அவளைச் சட்டையைப் பிடித்து இழுத்த கூட்டாளி உள்பட, வரிசையில் நிற்பது அந்தக் க்ளினிக்குகளில்தான்.

தொலைநோக்குக்கு ஓர் உன்னதமான யோசனை தோன்றியது. “உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவங்கதான் நம்ம சாதனத்தோட முகம்.”

“அவங்க கை வெந்து கிடக்கு சார்.”

“முகம்னுதானே சொன்னேன்.”

நான் முடியாது என்றேன். மனிதவள மேடம் நேராக அம்மாவுக்கே போன் செய்துவிட்டார். அம்மா பீரோவிலிருந்து இருப்பதிலேயே நல்ல உடுப்பை எடுத்து வைத்தாள். கூடவே என் ஸ்வெட்டரையும் எடுத்தாள்.

“நாளைக்கு நீ பளிச்சுன்னு இருக்கணும். இரு, தேய்ச்சுத் தர்றேன்.”

ஒற்றைக் கையால் அதைத் தேய்த்தாள். ஸ்வெட்டரை அப்படி மடிப்புக் கலையாமல் தேய்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் நானே கொடுத்தேன். அவளும் விழுங்கினாள். எல்லோருக்கும் முன்பாகவே அலுவலகத்துக்குப் போய், அந்த ஸ்வெட்டரை மனிதவள மேடத்தின் நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டரம்மா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக அம்மாவைக் கூட்ட அறையில் உட்காரவைத்து முறைப்படி நிதானப்படுத்தினார்கள். கட்டுப்போட்ட கை மேஜைக்கு அடியில் போயிற்று. மற்றக் கையில் புதுப் பிளாஸ்திரி. அம்மாவுக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துவிட்டது.

“பூலோக சொர்க்கம்டி. இதை விட்டுட்டு ஏன் தினமும் வீட்டுக்கு வர்ற?”

டாக்டரம்மா வந்தார், வந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டார். எங்கள் ஆட்கள் எல்லோருமே ஆளுக்கொரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். தொலைநோக்கின் மணிக்கட்டில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அது பச்சைக் கல் பதித்ததுபோல் மின்னியது.

“எப்படிம்மா இருக்கு? ஒட்டுதா?” என்று டாக்டரம்மா அம்மாவிடம் கேட்டார்.

“அருமையா ஒட்டுதுங்க டாக்டர். இருக்கிறதே தெரியல.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. இல்லாமல் போனதும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். நார்மல். அறையே கைதட்டியது. அம்மாவும் தட்டப் பார்த்தாள், ஒரு கை மேஜைக்கு அடியில் இருந்ததால் முடியவில்லை. தொலைநோக்கு என்னைக் காட்டி, “இவங்க பொண்ணுதான் எங்க சோதனை முறையையே வகுத்தவங்க. நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா” என்றார்.

எழுந்து நின்றேன். பேசினேன்.

“ஏ.சி.யை ஆஃப் பண்ணுங்க சார்.”

கேட்ட மாத்திரத்தில் மனிதவள மேடம் ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். தொலைநோக்கு தகப்பனார் தோரணையில் சிரித்தார்.

“குளிருதாம்மா? ஸ்வெட்டர் எங்கே?”

“எனக்குக் குளிரல சார். இதை ஒட்டிக்கப் போறவங்க வீட்ல ஏ.சி. கிடையாது. அது இல்லாம ஒரு அரை மணி நேரம் ஒட்டிக் காட்டுங்க.”

“ஏன்டி…” என்றாள் அம்மா, பல்லைக் கடித்தபடி. “உக்காருடி.”

“ரிமோட்ல பேட்டரி இல்ல” என்றார் மனிதவள மேடம்.

“சுவத்துல சுவிட்ச் இருக்கு மேடம்.”

“அது கம்ப்யூட்டருக்கும் சேர்த்து. எல்லா ஆராய்ச்சியும் அழிஞ்சிடும்.”

“அழியட்டும்” என்றேன். என் சொந்தக் கண்டுபிடிப்பும் அதில் இருந்தது.

அப்போது டாக்டரம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஆஃப் பண்ணுங்களேன். எனக்கும் குளிருது” என்றார்.

கோடானுகோடி மக்களின் பெயரால் நான் கேட்டது கோரிக்கை. ஒரு டாக்டருக்குக் குளிர்ந்தால் அது உத்தரவு. அந்த நொடியே ரிமோட்டில் பேட்டரி ஊறிவிட்டது.

எங்கள் அறையின் ஜன்னல்கள் திறக்காதவை. பார்ப்பதற்கு மட்டும். வெயில் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்தது. முதலில் பேச்சு நின்றது. பிறகு தொலைநோக்கு, வரலாற்றில் முதல்முறையாக, கோட்டைக் கழற்றினார். உள்ளே அவரும் எங்களைப் போலவே நனையக்கூடிய ஒரு மனிதராக இருந்தார். அவர் தேநீரை எடுக்கக் கையை நீட்டியபோது மணிக்கட்டிலிருந்து பச்சைக் கல் நழுவிக் கோப்பைக்குள் விழுந்தது. பசை அண்ணனுடையது அவர் மடியில் கிடந்தது. பத்து நாள் சாதனை படைத்த மனிதவள மேடத்தின் கையிலும் ஓரம் கிளம்பிவிட்டது.

அம்மா மட்டும் தன் பிளாஸ்திரி மேல் கட்டுப்போட்ட கையை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, கையை எடு.”

“அரிக்குதுடி.”

“எடும்மா.”

எடுத்தாள். பிளாஸ்திரி அவசரப்படாமல் வழுக்கி இறங்கி, முழங்கையில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, தரையில் விழுந்தது.

டாக்டரம்மா மறுபடி பிரஷர் பார்த்தார். நார்மல்.

தொலைநோக்கு துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா டாக்டர்! விழுந்த பிறகும் வேலை செய்யுது!”

அறிவியல் உலகில் இப்படிப்பட்ட தருணங்கள் அபூர்வம். ஒட்டாமலே மருந்து செலுத்தும் உலகின் முதல் பிளாஸ்திரி எங்கள் கண் முன்னால் தரையில் கிடந்தது. பசை அண்ணன் மெய்சிலிர்த்து, “அப்படின்னா பசையே வேணாமே சார்” என்றார். “விலை இன்னும் குறையும்!” என்று தொலைநோக்கு கூவினார். யாரோ மறுபடி கைதட்டத் தொடங்கினார்கள்.

“காலையில மாத்திரை குடுத்தது நான், டாக்டர்” என்றேன்.

“அது தலைவலி மாத்திரை டாக்டர்” என்றாள் அம்மா உடனே. “இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவின் கட்டையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்க கூட வேலை செய்றவங்க எங்க க்ளினிக்குக்குத்தானேம்மா வர்றாங்க? அவங்க எல்லாருக்கும் மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடுக்கப் போறேன். குடுக்கலாமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நின்றுபோன ஏ.சி.யைப் பார்த்தாள். தன் கட்டைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, சீப்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அவங்களுக்கு நிறுத்தாதீங்க டாக்டர்” என்றாள். “அங்க பக்கத்துல எப்பவும் ஆள் நிக்காது.”

அம்மா என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தாள். “போச்சு. உன் வேலை போச்சு.”

“காலையிலயே போச்சும்மா.”

டாக்டரம்மா எழுந்தார். “மாத்திரையை நிறுத்துற பேச்சே இப்ப வேணாம். நாளைக்கு மத்தியானம் எங்க க்ளினிக் வரிசைக்கு வாங்க. நிக்கிறவங்க கையில ஒட்டிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

தொலைநோக்கு கோட்டை மாட்டிக்கொண்டே, மிகுந்த பொறுப்புணர்வோடு கேட்டார்: “அங்க ஏ.சி. இருக்கும் இல்லையா?”

டாக்டரம்மா சால்வையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் வாசற்படி இறங்குவதற்குள் மனிதவள மேடம் ரிமோட்டை அமுக்கினார். ஏ.சி. பெருமூச்சு விட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லோரும் நாகரிக உலகத்துக்குத் திரும்பினார்கள். பசை அண்ணன் குனிந்து தரையிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து, ஊதி, மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தார். “இப்ப ஒட்டுது சார்” என்றார்.

நான் அம்மாவின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுடைய நல்ல கையைப் பிடித்து எழுப்பினேன்.

“ஸ்வெட்டர் கம்பெனிச் சொத்து” என்றார் மனிதவள மேடம். “திருப்பித் தரணும்.”

“உங்க நாற்காலியில இருக்கு மேடம். தேய்ச்சு மடிச்சு வச்சிருக்கு.”

“அடிப்பாவி” என்றாள் அம்மா. “அதுக்காடி என்னைத் தேய்க்க விட்ட?”

கூட்ட அறையைத் தாண்டி, ஏழைகளைப் பற்றி எழுதியிருந்த சுவரைத் தாண்டி, வாசலின் கண்ணாடிக் கதவை அகலத் திறந்தேன். வெயில் முகத்தில் அறைந்தது. என் முதுகுப் பக்கமிருந்து குளிர் என்னைக் கடந்து, படியில் உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்களின் மேல் போய் விழுந்தது. அவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கதவைச் சாத்துங்க!” என்று உள்ளிருந்து தொலைநோக்கு அலறினார். “எல்லாம் வெளிய போகுது!”

எங்கள் நிறுவனத்திலிருந்து ஏழைகளைச் சென்றடைந்த முதல் பொருள் அதுதான். நான் கதவைச் சாத்தவில்லை.